ஓசூர் சாலை: புறப்பாடும் வருகையும்

ஜூலை 7, 2025, திங்கள்

புறப்பாடு 7.00. வருகை 9.05. ஓசூரிலிருந்து பெங்களூரு மருத்துவமனை வரை முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி ஐந்து நிமிடம். அப்பாவின் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரம் 9.40 என்பதால் இன்று தப்பித்தோம். ஒன்று முடிந்தது.

ஜூலை 8, செவ்வாய்

புறப்பாடு 6.45. வருகை 7.58. நேற்றைய பயத்தில் முன்னதாகவே கிளம்பினோம். சாலை இன்று எந்தக் காரணமும் சொல்லாமல் வழிவிட்டது. அப்பா காத்திருக்கும் கூடத்தின் இரும்பு நாற்காலியில் ஒன்றே முக்கால் மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்துகொள்ளச் சொன்னால் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

மத்தியத் தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தம் என்பதால் அத்திபெலேயில் மறியல் இருக்குமோ என்று இரவெல்லாம் அஞ்சி 5.45க்கே கிளம்பினோம். எந்த மறியலும் இல்லை. 6.55க்குப் போய்ச் சேர்ந்தோம். காவலாளி அப்போதுதான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 10, வியாழன்

புறப்பாடு 7.00. வருகை 8.52.

நான்கு நாள் கணக்கை டோக்கன் சீட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தேன்: 125 நிமிடம், 73, 70, 112. சராசரி 95. இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு என்னால் எதையும் செய்ய முடியாது. இயந்திரத்தின் முன் 9.40க்குப் படுத்திருக்க வேண்டிய ஒருவர் சராசரியை நம்பி 8.05க்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், இந்த நான்கு நாட்களில் இரண்டு நாள் தவறவிட்டிருப்பார். ஆகையால் நாங்கள் ஒவ்வொரு நாளும் மிக மோசமான நாளுக்காகவே கிளம்புகிறோம். சாலை நன்றாக இருக்கும் நாளில் மிச்சமாகும் நேரம் எங்களுக்குத் திரும்பி வருவதில்லை. அது அந்த இரும்பு நாற்காலியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. செய்தித்தாள்களில் இந்த நகரத்தில் பத்துக் கிலோமீட்டர் கடக்க இத்தனை நிமிடம் ஆகிறது என்று பட்டியல் போடும்போது, நாற்காலியில் கழியும் இந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காத்திருக்கும் கூடத்தில் இன்று எங்களைப் போல முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் பதினேழு பேர். ஆனேக்கலிலிருந்து ஒருவர், கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பதி, கோலாரிலிருந்து ஒரு பெரியவர். அனைவரும் மோசமான நாளுக்காகக் கிளம்பி வந்தவர்கள்.

மெதுவாகப் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். எவ்வளவு மெதுவாக என்பது தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஐந்து முடிந்தது. முகமூடியை அழுத்திப் பொருத்தும்போது எச்சில் விழுங்க முடியவில்லை என்று அப்பா சைகையால் காட்டினார். திரும்பி வரும்போது பொம்மசந்திராவில் நாற்பது நிமிடம் நின்றோம். அப்பா உறங்கிவிட்டதால் இன்ஜினை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். புகை உள்ளே வந்ததும் மீண்டும் ஏற்றிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஒயிட்ஃபீல்டிலிருந்து அண்ணன் வந்திருந்தான். மருத்துவமனை இருக்கும் அதே நகரத்தில்தான் அவன் இருக்கிறான். ஆனால் வார நாளில் ஒருமுறைகூட அங்கே வர முடியவில்லை. வெளிவட்டச் சாலையில் காலை எட்டு மணிக்கு இறங்கினால் சில்க் போர்டு சந்திப்புக்கு வந்து சேர்வதற்குள் அவன் அலுவலகத்தின் முதல் கூட்டம் முடிந்துவிடும் என்கிறான். அவன்மேல் கோபப்பட முயன்றேன்; முடியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பழைய பேச்சு வந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்தது 1980ஆம் ஆண்டின் கடைசியில். அந்த ஆகஸ்டில்தான் டிவிஎஸ் 50 ஓசூர் ஆலையிலிருந்து வெளியே வந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய மொபெட் இந்தியாவில் அதுவே முதல். பால்காரர்களும் கீரைக்காரர்களும் கூட்டுறவுச் சங்கக் கடனில் அதை வாங்கி, கேன்களையும் மூட்டைகளையும் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது தனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இன்று சொல்வதற்குக் குரல் இல்லாததால் அண்ணன் சொன்னான், அப்பா தலையாட்டினார்.

அந்தப் பெருமை நியாயமானது. 1951இல் நாடு முழுவதும் பதிவாகியிருந்த மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ மூன்று லட்சம்தான். இன்று பெங்களூரு நகரத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். அவற்றில் பெரும்பங்கு இருசக்கர வாகனங்கள். அவற்றை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆசைக்காக வாங்கினார்கள், எத்தனை பேர் தங்கள் தெருவுக்குப் பேருந்து வராததால் வாங்கினார்கள் என்பதை யாராவது கேட்டறிந்தால் நன்றாக இருக்கும். வேலைக்குப் போகும் வழி இல்லாத வீட்டில் முதலில் ஒரு வண்டி வருகிறது, பிறகு மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. வண்டிகள் பெருகியதால் பேருந்து தாமதமாகிறது. பேருந்து தாமதமாவதால் இன்னும் ஒருவர் வண்டி வாங்குகிறார். இதில் யாரைக் குறைசொல்வது? நானே இரண்டு பேருக்காக ஒரு காரைத் தினமும் அந்தச் சாலையில் இறக்குகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

90 நிமிடம். ஏழு முடிந்தது.

ஜூலை 16, புதன்

புறப்பாடு 7.00. வருகை 8.49.

எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறிப் பொம்மனஹள்ளியில் இறங்கும் உயர்மட்டச் சாலை ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். 2010 ஜனவரியில் திறந்தபோது அண்ணன் என்னை ஸ்கூட்டரில் உட்காரவைத்து அதன்மேல் ஓட்டிக் காட்டினான். ஊரே காலடியில் இருப்பதுபோல் இருந்தது. இன்றும் அதன்மேல் பத்து நிமிடத்தில் பறந்துவிடலாம். இறங்கும் இடத்தில்தான் அந்தப் பத்து நிமிடமும் பறிபோகிறது. மேலிருந்து இறங்கும் வண்டிகளும் கீழ்ச்சாலையில் வரும் வண்டிகளும் ஒன்றாகச் சேர்ந்து, சற்றுத் தள்ளியிருக்கும் சில்க் போர்டு சந்திப்பை நோக்கி நெருக்கியடிக்கின்றன. அங்கே வெளிவட்டச் சாலை குறுக்கே வருகிறது. சென்ற ஆண்டு ஜூலையில் ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு நோக்கி வருபவர்களுக்கு மெட்ரோவுக்கு அடியிலேயே ஒரு மேம்பாலம் திறந்தார்கள். எதிர்த் திசையில் போகும் எங்களுக்கு அதனால் பயன் இல்லை.

குடத்தின் வயிற்றை எவ்வளவு பெரிதாக வனைந்தாலும் தண்ணீர் வெளியேறும் வேகத்தைக் கழுத்துதான் தீர்மானிக்கிறது. பாலம் கட்டிய பொறியாளர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் கட்டியிருப்பார்கள். அடுத்த சந்திப்பை வேறொரு துறை பார்த்துக்கொள்ளும் என்று ஒவ்வொருவரும் நம்பியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 17, வியாழன்

புறப்பாடு 7.00. வருகை 10.35.

சந்தாபுராவுக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் லாரியின் அச்சு முறிந்து இடது ஓரத்தில் சாய்ந்து நின்றது. விபத்து இல்லை, யாருக்கும் காயம் இல்லை, சாலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது மறைத்திருந்தது. ஆனால் அதைச் சுற்றிச் செல்ல ஒவ்வொரு வண்டியும் வலப்பக்கம் ஒடிக்க, வலப்பக்கம் இருந்தவை விடாமல் முன்னேற, இடையில் இருசக்கர வாகனங்கள் மணலில் தண்ணீர் ஊறுவதுபோல் எல்லா இடுக்குகளிலும் புகுந்துவிட, மீதி இரண்டு பங்குச் சாலையும் பயனற்றுப் போனது. பழுதுநீக்கும் கிரேன் வர வேண்டும். அதுவும் இதே நெரிசலுக்குள்தான் வர வேண்டும். 9.40க்கு நாங்கள் ஹெப்பகோடியைக்கூடத் தாண்டவில்லை. கைப்பேசியில் மருத்துவமனையை அழைத்துச் சொன்னேன். "பரவாயில்லை, வாருங்கள்" என்றார் அந்தப் பெண். ஆனால் போய்ச் சேர்ந்தபோது அடுத்தவர், அதற்கடுத்தவர், அவருக்கும் அடுத்தவர் என்று வரிசை போய்க்கொண்டிருந்தது. அது நியாயமும்கூட. அவர்களும் மோசமான நாளுக்காகவே கிளம்பி வந்தவர்கள்.

மாலை 5.30க்குத்தான் அழைத்தார்கள். காலையில் ஃபிளாஸ்கில் கொண்டுபோன கஞ்சி புளித்துவிட்டது. வேறு எதுவும் அப்பாவுக்கு இறங்காது. இரவு 9.40க்கு வீடு திரும்பினோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

நாள் தள்ளிப்போகக் கூடாது, வரிசை அறுபடக் கூடாது என்று முதல் நாளே மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறுபடவில்லை. ஒன்பது முடிந்தது.

ஜூலை 18, வெள்ளி

இன்று 6.15க்குக் கிளம்பினோம். இனித் தினமும் 6.15தான்.

ஜூலை 20, ஞாயிறு

லாரியே இல்லாத நாளிலும் ஏன் நிற்கிறோம் என்ற கேள்வி என்னை விடவில்லை. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, சந்திப்பு இல்லை, தடை எதுவும் இல்லை. ஒருவர் சற்றே வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடச் சற்று அதிகமாகக் குறைக்க, சிறிது நேரத்தில் வட்டத்தின் ஒரு பகுதி முழுவதுமாக நின்றேவிட்டது. அந்த நிற்றல் ஓர் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. ஒழுங்காகத் தடம் பிடித்து ஓட்டுபவர்களுக்கே இந்த நிலை என்றால், காரும் ஆட்டோவும் டிராக்டரும் பேருந்தும் ஸ்கூட்டரும் ஒரே அகலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் எத்தனை அலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்!

இதைப் படித்த பிறகு ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் இடையே கொஞ்சம் அதிக இடம் விட்டு, பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்து போகிறேன். அந்த இடைவெளியில் உடனே இரண்டு ஸ்கூட்டர்கள் நுழைந்துவிடுகின்றன. இருந்தாலும் குலுக்கல் குறைந்திருக்கிறது. அப்பாவின் கழுத்துக்கு அது நல்லது.

ஜூலை 23, புதன்

அண்ணாந்து பார்த்தால் மஞ்சள் தடத்தில் ஆளில்லாத மெட்ரோ ரயில் மெல்ல ஓடுகிறது. இந்த வாரம் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு நடக்கிறதாம். தூண்கள் எழும்பத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சாலையில் போய்வந்துகொண்டிருக்கிறேன். பாலமும் நிலையங்களும் எப்போதோ தயாராகிவிட்டன. ரயில்பெட்டிகள் வரவில்லை என்பதற்காகவே இத்தனை காலம் காத்துக் கிடந்தது. அப்பா ஒவ்வொரு முறையும் ரயிலைக் கண்டால் விரலை உயர்த்திக் காட்டுகிறார். இன்று இரண்டு முறை. பதின்மூன்று முடிந்தது.

ஜூலை 28, திங்கள்

புறப்பாடு 6.15. வருகை 7.50.

கூட்லு கேட் அருகே எங்களுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ். இன்று மேல்சாலையில் ஏறாமல் கீழேயே வந்திருந்தோம். வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். வழிவிட விரும்பாதவர் அங்கே யாருமே இல்லை. ஒதுங்க இடம்தான் இல்லை. இடப்புறம் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டும் தடுப்பும், வலப்புறம் நடுச்சுவர், முன்னால் கல்லூரிப் பேருந்து. ஒரு ஆட்டோ ஓட்டுநர் இறங்கி ஓடிப்போய் வரிசையின் முன்னாலிருந்து ஒவ்வொரு வண்டியாகத் தட்டி, "தாரி பிடி, தாரி பிடி" (வழிவிடுங்கள்) என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே வந்தார். அவர் தொட்ட வண்டிகள் எல்லாம் ஒரு சாண், இரு சாண் ஒதுங்கின. ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து போக ஆறு நிமிடம் ஆனது. உள்ளே ஒரு பெண் யாருடைய கையையோ பிடித்தபடி உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

அப்பா என் தோளைத் தொட்டார். நான் அழுவது அதுவரை எனக்கே தெரியவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அந்த ஆம்புலன்ஸ் எங்கே போயிருக்கும்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

இருபது முடிந்தது. அப்பாவிடம் இப்போது காற்று மட்டுமே வருகிறது. காரில் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறோம். அத்திபெலே சுங்கச்சாவடியில் அவர் எழுதியது: "முன்னால் போகும் லாரி, இன்ஜெக்டர் கோளாறு. கேள்." கேட்டேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குக் காது நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மஞ்சள் தடம் வரும் ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படுகிறது, பிரதமர் வருகிறார். ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஆனால் ரயில்கள் மூன்று மட்டுமே இருப்பதால் 25 நிமிடத்துக்கு ஒன்றுதான் வருமாம். தொலைக்காட்சியில் பேசியவர்கள் எல்லோரும் இதைக் குறையாகவே சொன்னார்கள். குறைதான். ஆனாலும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் போகும் கணத்தில் ரயில் புறப்பட்டுப் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும், 25 நிமிடம் காத்திருந்து, அரைமணி நேரம் பயணம் செய்து, ஆட்டோவுக்குக் கால் மணி நேரம் கொடுத்தால், பொம்மசந்திராவிலிருந்து எழுபது நிமிடம். மிக மோசமான நாளிலும் எழுபது நிமிடம். இந்த "மிக மோசமான நாளிலும்" என்ற சொற்களை ஒரு மாதமாக எந்தக் கணக்கிலும் என்னால் எழுத முடிந்ததில்லை.

ஹெப்பகோடியில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொள்ளலாம். அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் என்ன செய்வது என்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கர்நாடகப் போக்குவரத்து ஊழியர்கள் வேலைநிறுத்தம். எங்கள் எதிர் நாற்காலிக்காரரான கோலார்ப் பெரியவர் இன்று வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வந்துவிட்டார். நேற்று பேருந்து நிலையத்தில் நண்பகல் வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம். அவருக்கு ஒரு நாள் அறுபட்டது. நோயாளியைப் படுக்கவைக்கும் இளைஞர் அவரிடம் மிகவும் தன்மையாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த இளைஞருக்கும் சிரமம்தான்: பைக் டாக்சியில் வந்துகொண்டிருந்தவர், ஜூன் 16 முதல் அது நின்றுவிட்டதால், இரண்டு பேருந்து மாறி வருகிறார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரமகாலட்சுமி விரதம். தாமரையும் வாழைக்கன்றும் ஏற்றிய வண்டிகள் சாலையின் இரு ஓரங்களிலும் நின்றன. வாங்குபவர்கள் ஸ்கூட்டரில் இருந்தபடியே விலை பேசினார்கள். 160 நிமிடம். இருபத்தைந்து முடிந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தொலைக்காட்சியில் திறப்பு விழா பார்த்தோம். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பொதுமக்களுக்கு இன்றுதான் முதல் நாள். எனக்குத் துணிவு வரவில்லை, காரிலேயே போனோம். 105 நிமிடம். பொம்மனஹள்ளியில் நின்றுகொண்டிருந்தபோது எங்கள் தலைக்குமேல் ஒரு ரயில் கடந்து போனது. சன்னல் முழுவதும் மனிதர்கள். அப்பா விரலை உயர்த்தவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புறப்பாடு 6.45. ஹெப்பகோடி 7.30. நிலையத்தின் மின்தூக்கியில் ஏறி மேலே போனபோது ரயிலின் கதவுகள் மூடிக்கொண்டிருந்தன. ஒரு நிமிடத்தில் தவறவிட்டோம். சாலையாக இருந்தால் அந்த ஒரு நிமிடத்துக்காக என் வயிறு கலங்கியிருக்கும். இங்கே பலகையில் அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் என்று எழுதியிருந்தது, அந்த எண் ஒவ்வொன்றாகக் குறைந்தது, பொய் சொல்லவில்லை. அப்பா நடைமேடை இருக்கையில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கைத் திறந்து, அவசரமில்லாமல் கஞ்சி குடித்தார். முழு டம்ளரும் இறங்கியது. பத்து நாட்களில் இதுவே முதல் முறை.

ரயிலில் ஒரு கல்லூரிப் பெண் அப்பாவைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார். சிங்கசந்திரா தாண்டியதும் சன்னல் வழியே கீழே பார்த்தேன். ஒரு மாதமாக நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த இடம்: மேற்கூரைகளும் தலைக்கவசங்களும் இடைவெளியே இல்லாமல் நின்றன. அங்கிருந்து ஒலி எதுவும் மேலே வரவில்லை. ஒவ்வொரு கூரையின் கீழும் ஒரு 9.40 இருக்கிறது என்ற எண்ணம் வந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பி.டி.எம். லேஅவுட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, 8.50க்கு உள்ளே இருந்தோம்.

ஆகஸ்ட் 13, புதன்

வருகை 8.50.

ஆகஸ்ட் 14, வியாழன்

வருகை 8.52. நீண்ட விடுமுறை தொடங்குவதால் பெட்டியில் பைகளும் கூட்டமும். அப்பா கோனப்பன அக்ரஹாரா முதல் சில்க் போர்டு வரை நின்றுகொண்டே வந்தார், கால் நடுங்கியது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நோட்டில் எழுதிக் காட்டினார். இருபத்தொன்பது முடிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பொம்மசந்திராவோடு ஏன் நிற்க வேண்டும், ஓசூர் வரை ஏன் வரக் கூடாது என்று எங்கள் ஊரில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறும் ஆராய்ந்தது. தடையாகச் சொல்லப்படுவது மின்சாரம்: பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்தின் ஓரத்தில் மூன்றாவது தடத்தில் வரும் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது, சென்னை மெட்ரோ தலைக்குமேல் போகும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் ஓடுகிறது. எல்லையில் ரயில் மாற வேண்டியிருக்கும் என்றால் மாறிவிட்டுப் போகிறோம். ஜூஜூவாடியில் தினமும் எல்லை தாண்டுபவர்களுக்கு அது ஒரு சிரமமே இல்லை. அத்திபெலேயிலும் சந்தாபுராவிலும் எவ்வளவு நேரம் நிற்போம் என்று தெரியாத இந்த மிச்சத் துண்டுச் சாலைதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது. முழுப் பாதையிலும் இருந்த பயம் இப்போது அந்த மிச்சத் துண்டுக்குள் வந்து குவிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சந்தாபுராவில் 35 நிமிடம். ஹெப்பகோடியில் ரயிலை ஓடிப் பிடித்தோம்; அப்பா ஓடக் கூடாது. முப்பது முடிந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

வருகை 8.41. முப்பத்திரண்டு முடிந்தது. கோலார்ப் பெரியவருக்கு இன்னும் ஐந்து இருக்கிறது. ஃபிளாஸ்கை அவரிடம் கொடுத்துவிடலாமா என்று அப்பா எழுதிக் கேட்டார்.

நாளைக்கு அண்ணன் விடுப்பு எடுத்துவிட்டானாம். இரவே ஓசூருக்கு வந்து, எல்லோரையும் தன் காரில் அழைத்துப் போகிறேன் என்கிறான். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். ஐந்து பேர் அமரும் கார்தான். 9.40க்கு அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. காரை ஹெப்பகோடியில் நிறுத்திவிட்டு எல்லோருமாக ரயிலில் போகலாம் என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். எட்டு மணிக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து கிளம்பியவன், இப்போது பத்தரை. சில்க் போர்டில் நிற்கிறேன் என்று ஒரே ஒரு வரிதான் வந்திருக்கிறது.